பெரியப்பா ஊற்றிய எண்ணெய்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் அம்மா பெரியப்பாவைப் பார்த்து "வேணாம்" என்று சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வரிசையில் இருந்த பத்து வீடுகளுக்கும் அது கேட்டுவிட்டது. பெரியப்பாவிடம் அப்படிச் சொன்ன ஆளை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அதுவும் மோட்டார் விஷயத்தில்.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஈப்போவில் ஒரு கார் பட்டறையில் மூத்த மெக்கானிக். நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தை மூடி வீடு கட்ட விற்றபோது, அங்கிருந்த குடும்பங்களில் பாதி ஜெலாப்பாங் பக்கத்தில் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தது, விண்ணப்ப பாரம் நிரப்பிக் கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டது எல்லாம் பெரியப்பாதான். அவர் நல்லவர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நல்லவர்களிடம் மறுத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் எனக்குப் பிறகு தெரியவந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டு வாசலில் மோட்டார்கள் வரிசையாக நிற்கும். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். அதிலும் பெரும்பாலும் கப்சாய் என்கிற சின்ன வண்டி. ஆண், பெண், கிழவர் எல்லாருக்கும் காலைத் தூக்காமல் ஏறி உட்கார வசதியானது. பெரியப்பா ஒவ்வொரு வண்டியாகத் தரையில் விரித்த தகரத்தின் மேல் நிறுத்தி, அடியில் இருக்கும் திருகாணியைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவார். எஞ்சின் எண்ணெயை இங்கே எல்லா இனத்தாரும் 'மிஞ்யாக் ஹீத்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். ஊற்றும்போது அது தேன் நிறத்தில்தான் இருக்கும். கறுத்துப்போவது எஞ்சினுக்குள் உழைத்த பிறகு.

பெரியப்பா ஊற்றியது கடையில் வாங்கிய எண்ணெய் அல்ல. பட்டறையில் பெரிய கார்களுக்கு ஊற்றியதுபோகத் தகர டின்களின் அடியில் மிஞ்சுவதை, முதலாளியிடம் கேட்டுச் சேர்த்து எடுத்து வருவார். "டத்தோ காருக்கு ஊத்துற எண்ணெ" என்பார். டத்தோ என்றால் அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். யாரிடமும் காசு வாங்கமாட்டார். கப்சாய் ஓட்டுகிறவர்களுக்கு டத்தோ கார் எண்ணெய் சும்மா கிடைக்கிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

எண்ணெய் மாற்றியதும், வண்டியின் முன்பக்கம் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, அன்றைய மீட்டர் எண்ணை எழுதிவிடுவார். அடுத்த மாதம் வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. எண்ணெயின் ஆயுளைக் கிலோமீட்டரில்தான் கணக்கிட வேண்டும் என்பார். அது சரியான பேச்சுதான். பழைய எண்ணைப் புது எண்ணிலிருந்து கழித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பள்ளியில் கணக்கில் நான் முதல். "எங்க கணக்குப் புள்ள எங்க?" என்று அவர் கூப்பிடும்போது, பையன்களையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். தாளில் எழுதாமல், மனத்திலேயே கழித்துச் சொல்வேன். அங்கே நிற்கும் ஆண்கள் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வுக்காக நான் எதையும் கழித்திருப்பேன்.

எங்கள் வீட்டு மோட்டார் அம்மாவுடையது. அப்பா ஜொகூர் பக்கம் லோரி ஓட்டினார். பத்து நாளுக்கு ஒருமுறை வருவார். அம்மாவுக்கு ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் கிலாங்கில் வேலை, அதாவது தொழிற்சாலையில். பல்லாயிரம் கையுறைகளைக் காற்றடித்து ஓட்டை பார்க்கும் பிரிவு. காலையில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவாள். அம்மாவுக்கு மோட்டார் ஓட்ட லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம். அனுமதி கொடுத்தது பெரியப்பா. வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருடத்தின் நடுவில் ஒரு முதல் ஞாயிறு. அம்மாவின் வண்டி முறை வந்தது. டேப்பில் இருந்த எண்ணையும் மீட்டரில் இருந்த எண்ணையும் பார்த்து, "அறுநூத்தி நாப்பது" என்றேன். வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். அன்று பெரியப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "வீட்டுலேர்ந்து கிலாங்குக்கு எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

"ஒம்பது கிலோமீட்டர்."

"போய்வந்தா?"

"பதினெட்டு."

"மாசத்துல இருபத்தாறு நாள் வேல."

"நானூத்தி அறுபத்தெட்டு," என்றேன். "ஓ" வந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோயிலுக்கும் பசாருக்கும் இருபது கிலோமீட்டர் நானாகவே சேர்த்து, அதையும் கழித்து, "நூத்தம்பத்திரெண்டு மிச்சம் பெரியப்பா" என்று பெருமையாகச் சொன்னேன்.

இந்த முறை யாரும் "ஓ" என்று சொல்லவில்லை. அம்மா கேட் பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தாள். பெரியப்பா திரும்பி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நூத்தம்பது கிலோமீட்டர் எங்கம்மா போச்சு?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அம்மா அவரை 'மாமா' என்று கூப்பிடுவாள். "இங்கதான் மாமா, கடைக்கு அது இதுக்கு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு டேப்பில் புது எண்ணை எழுதி ஒட்டினார்.

அன்று மாலை அப்பா ஜொகூரிலிருந்து ஃபோன் செய்தார். அம்மா சமையலறையில் நின்று பேசினாள். "எங்கயும் போகல" என்று மூன்று முறை சொன்னது கேட்டது. நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் எங்கேயோ தப்பு வந்துவிட்டதோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேம்பாலத்தில் வண்டி நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. எஞ்சின் அலறியது, வண்டி போகவில்லை. சில மாதங்களாகவே அது ஏற்றத்தில் திணறிக்கொண்டிருந்தது. "வயசாகுதுலா, விக்கிற நேரம் வந்துருச்சு" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அன்று பாலத்தின் பாதி ஏற்றத்தில், பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. அம்மா முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறியது. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து, கடைசி நேரத்தில் ஒதுங்கிப் போனது. அதன் காற்றில் என் பள்ளித் தொப்பி பறந்து கீழே போய்விட்டது. அம்மா வண்டியை ஓரத்தில் நிறுத்தி இறங்கினாள். எங்கிருந்தோ தீய்ந்த வாடை வந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்தோம். இறக்கத்தில் ஒரு மோட்டார் கடை இருந்தது. கணவன் தரையில் குந்திச் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். பேசுவது, எண்ணெய், சாமான் எல்லாம் மனைவியின் பொறுப்பு. அறுபது வயதுச் சீன அம்மா, பூப்போட்ட சட்டை, கண்ணாடி மூக்கின் நுனியில். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். என்ன எண்ணெய் ஊற்றினாய் என்று மலாயில் கேட்டார். கார் எண்ணெய் என்றாள் அம்மா, நல்ல கார், பெரிய கார்.

அவர் சிரித்துவிட்டார். "கெரெத்தா லாயின், மோத்தோர் லாயின்" என்றார். கார் வேறு, மோட்டார் வேறு.

பிறகு, உடைந்த கிளட்ச் தட்டு ஒன்றை மேசையில் வைத்து விளக்கினார். காரில் எண்ணெய் எஞ்சினுக்கு மட்டும். கிளட்ச் தனியாக, காய்ந்த இடத்தில் இருக்கும். மோட்டாரில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டுகள் அதில் முங்கிக் கிடக்கும். அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். பெரிய கார் எண்ணெயில், பெட்ரோல் மிச்சமாவதற்காக இன்னும் வழுக்கும்படி ஒரு மருந்து சேர்த்திருக்கிறார்கள். தட்டுகள் வழுக்கி, பிடிமானம் போய்விடும்.

"அப்ப எண்ணெ நல்ல எண்ணெதான். எடந்தான் தப்பு," என்று அம்மா தமிழிலேயே சொன்னாள், தனக்குத்தானே. பிறகு மலாயில் கேட்டாள்: எது சரியான எண்ணெய்?

அவர் மூன்று போத்தல்களை எடுத்து வைத்தார். ஒன்றில் பந்தய மோட்டார் படம். ஒன்று பழைய எஞ்சின்களுக்கான கெட்டி எண்ணெய். மூன்றாவது படம் எதுவும் இல்லாத சாதாரண போத்தல். பந்தயப் படம் போட்டதைத்தான் அவர் முன்னால் தள்ளினார். எனக்கும் அதுதான் பிடித்தது. அம்மா எதையும் தொடாமல், போத்தல் மேல் எழுதியிருக்கும் எண்கள் என்ன என்று கேட்டாள். முதல் எண், எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போது எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியாகத் தாங்கும் என்பதற்கு. அம்மா இருக்கைக்கு அடியிலிருந்து வண்டியோடு வந்த கையேட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. மலாய் வரிகளில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். டென் டபிள்யூ ஃபோர்டி. படம் இல்லாத போத்தலிலும் அதுவே இருந்தது. பின்பக்கம் திருப்பி, சின்னக் கட்டத்துக்குள் எம்.ஏ. என்ற எழுத்துகளைச் சீன அம்மா காட்டினார். எண்ணெயில் முங்கிய கிளட்ச் உள்ள மோட்டாருக்கு அந்த எழுத்து இருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்காதே என்றார்.

"இது போதும்," என்றாள் அம்மா. பந்தயப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "நான் கிலாங்குக்குத்தான போறேன், ரேசுக்கா?" என்றாள்.

ஊற்றுவதற்குக் கணவர் எழுந்து வந்தார். அம்மா அவரைத் தடுத்து, எந்தத் திருகாணி, எந்த ஸ்பேனர், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தானே செய்தாள். கிலாங் சீருடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று நான் பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதம், அம்மா வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். வண்டியின் வழுக்கல் உடனே நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் இன்னொரு முறை எண்ணெய் மாற்றிய பிறகு, மேம்பாலத்தில் பழையபடி ஏறியது.

அப்புறம்தான் அந்த ஞாயிறு வந்தது.

பெரியப்பா வரிசையில் எங்கள் வண்டியைக் காணாமல், "தள்ளிட்டு வா, பாப்பா" என்று எனக்குக் குரல் கொடுத்தார். நான் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தேன். அம்மா மறுபக்கம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. எண்ணெ மாத்தியாச்சு."

"மாத்தியாச்சா? யாரு மாத்துனா?"

"நாந்தான்."

நின்றிருந்த ஆண்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. என்ன எண்ணெய் என்று கேட்டார். அம்மா உள்ளே போய்க் காலிப் போத்தலை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது கடையில தொங்கவிட்டு விக்கிற சாமான்லா. நான் ஊத்துறது டத்தோ காருக்கு ஊத்துறதும்மா."

"டத்தோ காருக்கு நல்லதுதான் மாமா. என் மோட்டாருக்கு ஒத்துக்கல. கிளட்ச் வழுக்குது."

"முப்பது வருசமா எஞ்சின் பாக்குறேன். எனக்கே பாடம் சொல்றியா?"

"உங்களுக்குச் சொல்லல. என் வண்டிக்கு எது வேணும்னு சொல்றேன்."

பெரியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்துக்குள் இதெல்லாம் எதற்கு, ஒரு தடவை ஊற்றிக்கொண்டால்தான் என்ன என்றார். பெரியப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பெருந்தன்மையான மனிதர் அவர், விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர். டேப்பையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சரி, எண்ணெ ஒன் இஷ்டம். மீட்டராச்சும் பாத்து எழுதிட்டுப் போறேன். அடுத்து எப்ப மாத்தணும்னு தெரியணும்ல?"

அம்மா வண்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அதுவும் வேணாம்," என்றாள்.

எண்ணெய்க்குச் சொன்ன 'வேணாம்' கூட எனக்கு ஓரளவு விளங்கியது. கடையில் அந்தத் தட்டுகளை நானும் பார்த்தேனே. இரண்டாவது 'வேணாம்' எனக்கு வெறும் திமிராகப் பட்டது. ஒரு எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வதில் என்ன வந்துவிடப் போகிறது? பெரியப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டாள் என்று அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அன்று மதியம் நான் வீட்டில் சாப்பிடவில்லை. பெரியப்பா வீட்டில் போய்ச் சாப்பிட்டேன், வேண்டுமென்றே, வாசல் தெரியும்படி உட்கார்ந்து. மாலையில் அப்பாவின் ஃபோன் வந்தபோது அம்மா இந்த முறை கூடத்திலேயே பேசினாள். "வண்டி ஓடுதான்னு கேளுங்க, ஓடுதுன்னு சொல்றேன். வேற எதுவும் கேக்காதீங்க," என்று வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு இரவு சிஃப்ட் வந்த வாரம் அது நடந்தது. இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குவாள். எனக்குப் பள்ளி விடுமுறை. பதினொரு மணிவாக்கில் பெரியப்பா ஒரு டின்னோடு வந்து கிரில் கதவுக்கு வெளியே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா தூங்கட்டும், எழுப்பாத. கதவ மட்டும் தொற. அந்தக் கடை எண்ணெய ஊத்தி ஓட்டுனா எஞ்சின் போயிரும், பாப்பா. ஒங்கம்மாவுக்குப் புரியல. நாமதான் பாத்துக்கணும்."

'நாம' என்றார். என்னையும் சேர்த்து. நான் ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துச் சத்தமில்லாமல் திறந்துவிட்டேன்.

அவர் வேலையை முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா ஊற்றிய எண்ணெய் இன்னும் தெளிவாகவே இருந்தது. அதை வடித்துத் தன் அழுக்கு எண்ணெய் டின்னில் கொட்டிக்கொண்டார். தன் எண்ணெயை ஊற்றினார். டேப்பில் மீட்டர் எண்ணை எழுதி ஒட்டினார். "கழிச்சுச் சொல்லு" என்று கேட்கவில்லை. தானே உதடசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனார். அது மட்டும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அம்மா நான்கு மணிக்கு எழுந்தாள். முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவள் வெள்ளை டேப்பைப் பார்த்தாள். குனிந்து குச்சியை எடுத்து முகர்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய் ஸ்பேனரும், பொரிக்கிற பழைய குவாலிச் சட்டியும் எடுத்து வந்தாள். ஆணியைக் கழற்றினாள். டத்தோ கார் எண்ணெய் பொன்னாகச் சட்டியில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரை காத்திருந்தாள். பிறகு சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் தெருவைக் கடந்து, பெரியப்பாவின் கேட் முன்னால் தரையில் வைத்தாள். அவர் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க எண்ணெ," என்றாள். பதிலுக்குக் காத்திராமல் திரும்பி வந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு சிஃப்ட். வண்டியில் எண்ணெய் இல்லை. வீட்டில் போத்தலும் இல்லை. பெரியப்பாவின் எண்ணெயோடு கடைவரை ஓட்டிப்போய் அங்கே மாற்றியிருக்கலாம். நான்கைந்து கிலோமீட்டரில் கிளட்ச் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது எனக்கு அது தெரியும். அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். ஆனால் அந்த எண்ணெயை வைத்து ஒரு அடிகூட ஓட்டுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஆணியை முடுக்கி, ஹேண்டிலைப் பிடித்து, "வா" என்றாள்.

நான் பின்னாலிருந்து தள்ளினேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். யாருடைய வண்டி தள்ளப்படுகிறது, யாருடைய எண்ணெய் கேட்டில் கிடக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே பார்வையில் விளங்கியிருக்கும். எங்கள் தாமான் குடியிருப்பைத் தாண்டுமுன் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மோட்டாரில் வந்து, "அக்கா, ஏறி ஒக்காருங்க, நான் பின்னாலேர்ந்து காலால தள்ளிட்டு வாரேன்" என்றார். அம்மா, "வேணாம்பா, நாங்களே போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள். பெரிய சாலையில் வெயில் முகத்தில் அடித்தது. லோரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. மேம்பாலத்தின் ஏற்றம் வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"நாந்தாம்மா கதவத் தொறந்துவிட்டேன்," என்றேன், வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். சிறிது தூரம் போன பிறகு திரும்பாமலே, "தள்ளு, பாலம் இன்னும் முடியல" என்றாள்.

தள்ளினேன். என் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். பாலத்தின் உச்சியில் அவள் நின்று, முந்தானை இல்லாத கிலாங் சட்டையின் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். எண்ணெய்க் கறை ஒட்டிக்கொண்டது. கடையில் சீன அம்மா எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் படம் போடாத போத்தலை எடுத்து வைத்தார். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா கிலாங் வாசலில் நுழைந்தாள். என்னைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். கடைக்காரர் மூடிவிட்டுப் போகும்போது வீட்டில் இறக்கிவிட்டார்.

பெரியப்பா ஐந்து மாதம் எங்களோடு பேசவில்லை. மற்றவர்களின் வண்டிகள் முதல் ஞாயிறுகளில் வழக்கம்போல் வரிசையில் நின்றன. டத்தோ கார் எண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டார்கள். சிலருக்கு வழுக்கியது, பெரியப்பா வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார், அவர்களும் நம்பினார்கள். ஒருவர்கூட அம்மாவிடம் வந்து போத்தலைக் காட்டு என்று கேட்கவில்லை. தீபாவளிக்குப் பெரியப்பா முறுக்கோடு வந்தார். அம்மா சோறு போட்டாள். பொரியலை இரண்டு தடவை வைத்தாள். போகும்போது அவர் கண் தானாக வண்டியின் மீட்டர் பக்கம் போனது. பழக்கம். மீட்டரில் கிலோமீட்டர் ஓடும் சின்னச் சன்னலின் மேல் அம்மா ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டரை நான் பிறகு எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தினமும் வேலை முடிந்து ஆறு கிலோமீட்டர் சுற்றி வந்திருக்கலாம். ஒரே நாளில் லூமுட் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். தூரம் ஏறக்குறைய ஒத்துவருகிறது. வேலைக்குப் போன பிறகு, எனக்கும் சொந்தமாக மோட்டார் வந்த பிறகு, ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "போனேன், வந்தேன்," என்றாள். அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

நெடுநாள் வரை அந்தச் சண்டை சரியான எண்ணெய்க்கும் தவறான எண்ணெய்க்கும் நடந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். அம்மா சரியானதைக் கண்டுபிடித்தாள், அதனால் ஜெயித்தாள் என்று பள்ளியில் கதைகூடச் சொன்னேன். பெரியப்பாவின் எண்ணெய் கப்சாய்க்கும் உகந்ததாக இருந்திருந்தால், கிளட்ச் வழுக்காமலே இருந்திருந்தால், அவள் என்ன காரணத்தைச் சொல்லி அந்தக் கதவை மூடியிருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை. முதல் தடவை அந்தக் கடையில், எண்ணெய் தப்பு என்று சீன அம்மா சொன்ன அந்த நிமிடத்தில், அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. பாலத்தில் லோரிக்கு அடியில் போக இருந்தவள், வேலைக்கு நேரமானவள், வண்டி கெட்டு நிற்கிறவள், எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று பறந்துபோன தொப்பியை நினைத்துக்கொண்டு நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.